துறைமுகத்துக்கா, ஏரிக்கா?

நவம்பர் 27, வியாழன்

பெருச்சாளியார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று அச்சகத்து விலாசத்துக்கே வந்துவிட்டது. ஜனவரி பதினாறு, பதினேழு, பதினெட்டு மூன்று நாளும் லீவு என்று படித்ததும் என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்போது என் கையில் இருந்தது பிழை திருத்த வந்த ஒரு மருத்துவப் புத்தகத்தின் புரூஃப். குடலிறக்கம் பற்றிய அத்தியாயம். பக்கத்தில் பைண்டிங் செய்கிறவர் எட்டிப் பார்த்து, "இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன்.

சாயங்காலமே உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வாலுவை மூன்று நாளும் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். "ஆனா அண்ணி, திரும்பி வரும்போது அவ திருந்தியிருப்பான்னு எதிர்பாக்காதீங்க" என்றாள். பெற்ற மகளுக்கு வாலு என்று பெயர் வைத்த புண்ணியவான் நீங்கள். பதினோரு வயதாகியும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறாள்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், ஒரு கல்யாண வீடோ துக்க வீடோ இல்லாமல், நாம் இருவர் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இதுதான் முதல் தடவை. அதிலும் நீங்கள் அந்த மலையைக் குடைந்து ரயில் விடப் போன இந்த ஒன்றரை வருஷத்தில், நாம் சேர்ந்தாற்போல் மூன்று நாள் இருந்ததே இல்லை.

எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். துறைமுகமும் இரண்டரை மணி நேர பஸ், ஏரியும் இரண்டரை மணி நேர பஸ். கேட்க என்ன இருக்கிறது? துறைமுகத்து அரங்கத்தில் ஒரு நாடகம் பார்க்காமல் சாகப்போவதில்லை என்று வருஷா வருஷம் சபதம் போட்டது யார்? ஜனவரி முழுக்க அங்கே ஒரு நகைச்சுவை நாடகம் நடக்கிறது. இரண்டு சம்பந்திகள், ஒருவரை ஒருவர் யாரென்றே தெரியாமல், பிள்ளைகளின் நிச்சயதார்த்தத்துக்குப் போகிற வழியில் ஒரே ரயில் பெட்டியில் ஏறிச் சண்டை போடுகிறார்களாம். கேட்கும்போதே உங்கள் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. நீங்கள் என்னவோ ஏரி ஏரி என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு குறை. நான்கு ஞாயிறாக உங்களிடமிருந்து போன் இல்லை. அதற்குப் பதிலாகக் கடிதம்தான் அடிக்கடி வருகிறது. கடிதம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் "வாலு ஒழுங்காகப் பல்லிக்குப் போகிறாளா" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் வீட்டுப் பல்லியிடம் அவள் போவதில்லை, அதுதான் அவளைக் கண்டு ஓடுகிறது.

அன்புடன்,
உங்கள் புலவரம்மா


டிசம்பர் 3, புதன்

புலவரம்மாவுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தில் ள வரும் இடத்தையெல்லாம் இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மிச்சம் இருந்தால் அது உன் பிழைப்புக்காக விட்டது.

இங்கே குளிரில் பல் கிட்டுகிறது. விடிந்ததும் வாளித் தண்ணீர் மேல் கண்ணாடி போல ஏடு படிந்திருக்கிறது. நாங்கள் ஒன்பது பேர் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைக்குள் ஒரே ஒரு அடுப்பு. அதைச் சுற்றி எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சுரங்கத்துக்குள் போய்விட்டால் குளிர் தெரியாது. மெஷின் சூடும் கல்தூளும் சேர்ந்து வேர்த்துக் கொட்டும். போன வாரம் மட்டும் பதினோரு மீட்டர் போயிருக்கிறோம்.

போன் விஷயம். ஆபீஸ் லைன் சரியில்லை. காற்று அடித்தால் கம்பி அறுந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

ஊர் விஷயம். நீ நன்றாக யோசி. துறைமுகத்தில் என்ன இருக்கிறது? மீன் வாடை, கூட்டம், காற்று. ஏரிப் பக்கம் இப்போது தண்ணீர் உறைந்து வெள்ளை வெளேரென்று இருக்குமாம். சுற்றிலும் நடைபாதை. நாம் பாட்டுக்கு நடக்கலாம். பெரிய ஜன்னல் வைத்த ஓட்டல் ஒன்று இருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருக்கலாம். வருஷம் முழுக்க இருட்டுக்குள் கிடப்பவனுக்கு வெளிச்சம்தானே லீவு? நாடகம் எங்கே ஓடிவிடப்போகிறது.

நீ அந்த நீலச் சால்வையைப் போட்டுக்கொண்டு பனி மேல் நடந்து வருவதை இப்போதே மனதில் போட்டு வைத்திருக்கிறேன்.

வாலுவுக்கு இரண்டு முத்தம். ஒன்று கன்னத்தில், ஒன்று அந்தப் பிடிவாதம் பிடித்த நெற்றியில்.

உன்
பெருச்சாளி


டிசம்பர் 8, திங்கள்

பெருச்சாளியார் அவர்களுக்கு,

நீலச் சால்வையைக் காட்டி என்னை மயக்கப் பார்க்கிறீர்கள். அது போன வருஷமே பூச்சி அரித்து, வாலுவின் பொம்மைக்குப் போர்வையாகிவிட்டது.

உங்கள் கட்சியை நியாயமாகப் பரிசீலித்தேன். ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்கிறீர்கள். எனக்கு அச்சகத்துக்குப் போக வர தினமும் நடைதான். ஜன்னல் வழியே சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறீர்கள். நீங்கள் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சினிமாவில் இடைவேளை விட்டால்கூடப் பின்சீட்டுக்காரரிடம் கதை விவாதிக்கிற ஆள். மூன்று நாள் ஜன்னல் ஓரம் உங்களை உட்கார வைத்தால், மூன்றாம் நாள் ஓட்டல்காரர் என்னிடம் வந்து அழுவார்.

உங்கள் தங்கையும் என் பக்கம்தான். "அண்ணனுக்கா நாடகம் வேண்டாமாம்? ஜுரம் கிரம் இருக்கான்னு கேளுங்க அண்ணி" என்றாள்.

இன்னொன்று. கடைத்தெருவில் உங்களோடு வேலை செய்யும் கம்ப்ரசர்காரரின் மனைவியைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் போன் செய்கிறாராம். போன ஞாயிறு அரை மணி நேரம் பேசினாராம், அதுவும் உருளைக்கிழங்கை எப்படி அடுக்கி வைப்பது என்று. அந்தக் கம்பி உங்களுக்கு மட்டும்தான் அறுகிறதா?

சும்மா கேட்டேன். பதில் எழுதுங்கள். ஜனவரி பத்தாம் தேதிக்குள் டிக்கெட் சொல்லி வைத்தால் நல்ல இடமாகக் கிடைக்கும் என்கிறார்கள். முன் வரிசை என் ஆசை.

அன்புடன்,
புலவரம்மா


டிசம்பர் 14, ஞாயிறு

புலவரம்மாவுக்கு,

வேலை அதிகம். பாறை ரொம்பக் கடினமாகிவிட்டது. துளை போடும் மெஷினில் இரண்டு முனை உடைந்தது. சாயங்காலம் கொட்டகைக்கு வந்தால் எல்லோரும் சீட்டுக் கட்டை எடுத்துக்கொள்கிறார்கள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

போனைப் பற்றித் திரும்பத் திரும்ப என்ன சொல்வது? எனக்கு அந்த வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

நாடகம்தான் வேண்டும் என்றால் டிக்கெட் எடுத்துக்கொள். ஒரு டிக்கெட் எடுத்தால் போதும். நீ பார்த்துவிட்டு வா. அந்த நேரத்தில் நான் அறையில் படுத்துத் தூங்குகிறேன். எனக்கு இந்தச் சிரிப்பு நாடகமெல்லாம் அலுத்துவிட்டது. வயதாகிறது இல்லையா.

முத்தம், வாலுவுக்கு.

உன்


டிசம்பர் 18, வியாழன்

அன்புள்ள உங்களுக்கு,

பட்டப் பெயர் வைத்துக் கூப்பிட மனசு வரவில்லை. நீங்களும் கையெழுத்துப் போடும் இடத்தில் 'உன்' என்று எழுதிவிட்டு மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

ஒரு டிக்கெட் போதும் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நாம் சண்டை போட்டிருக்கிறோம், வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் எனக்குப் பயம் வந்ததில்லை. இப்போது வந்தது. என்னோடு மூன்று நாள் இருப்பதே உங்களுக்குப் பாரமாக இருக்கிறதோ என்று நினைத்துவிட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், நேற்று முழுக்க அழுதேன். வாலு பார்த்துவிட்டாள்.

அவளிடம் அப்பா லீவைப் பற்றித்தான் என்று ஏதோ சொன்னேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பாவுக்கு என் மேலயும் கோபமாம்மா? அன்னைக்கு போன்ல நான் ஓட்டப்பந்தயத்துல ரெண்டாவதா வந்தேன்னு சொன்னேன். அப்பா 'சரிம்மா, சாப்பிடு, சாப்பிடு'ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு." அக்டோபர் கடைசியில் நீங்கள் பேசினீர்களே, அந்தப் போன்.

அதற்குப் பிறகு நான் என் தொழிலைச் செய்தேன். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, தேதி வாரியாக அடுக்கி, புரூஃப் பார்ப்பது போல வரி வரியாகப் பார்த்தேன். போன வருஷக் கடிதங்களில் உங்கள் மலையே பேசிக்கொண்டிருக்கிறது. கேன்டீன்காரர் என்ன சொன்னார், இன்ஜினியர் எப்படித் திட்டினார், கம்ப்ரசர்காரர் தூக்கத்தில் என்ன உளறினார் என்று ஒரு பக்கம் விடாமல் வசனம். நவம்பரிலிருந்து வந்த கடிதங்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுப்பைச் சுற்றி உட்காருகிறார்கள், கையை நீட்டுகிறார்கள், சீட்டாடுகிறார்கள். ஒன்பது பேர் இருக்கும் கொட்டகையில் ஒரு சொல் இல்லை.

எழுத்துப் பிழையைத் திருத்துவது சுலபம். விட்டுப்போன சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் காதுக்கு என்ன ஆயிற்று?

நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னை நன்றாகத் திட்டி எழுதுங்கள். சரியாக இருந்தால் உண்மையை எழுதுங்கள். இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சம்மதம். பதில் மட்டும் வர வேண்டும்.

உங்கள்
மனைவி


டிசம்பர் 23, செவ்வாய்

என் கண்ணுக்கு,

நீ நினைத்தது சரி.

அக்டோபரில் ஒரு நாள் வெடி வைத்த பிறகு உள்ளே போனோம். நான் காதுமூடியைக் கழற்றியிருந்தேன். பக்கத்தில் இருப்பவன் சொல்வது கேட்கவில்லை என்று கழற்றுவேன், பல நாள் பழக்கம். யார் மேலும் தப்பில்லை, என் திமிர்தான். வெடிக்காமல் மீதியிருந்த ஒரு வெடி அப்போது வெடித்தது. கல் ஒன்றும் மேலே படவில்லை. இடது காதில் மட்டும் விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு நாளில் விசில் நின்றது. அதோடு எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

முகாம் டாக்டர் இடது காது அநேகமாகப் போய்விட்டது என்றார். வலதும் முன்பு போல இல்லை. எதிரே நின்று, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசினால் புரிகிறது. போனில் வெறும் கொரகொர. வாலு எதையோ சந்தோஷமாகச் சொல்கிறாள் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. அவள் இரண்டாவதாக வந்ததை உன் கடிதத்தில்தான் படித்தேன். கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். குளிரில் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ உடனே வேலையை விடச் சொல்வாய் என்று ஒரு பயம். ஆனால் அது பாதிதான். மீதியைச் சொல்கிறேன். அரங்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சிரிக்க வேண்டும், ஒரு நொடி கழித்து. அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். நீ எப்போதும் வேடிக்கையான இடத்தில் மேடையைப் பார்க்காமல் என்னைத்தான் பார்ப்பாய், எனக்குத் தெரியாதா? அந்த முகத்தை நினைத்துத்தான் ஏரி ஏரி என்று கத்தினேன். உறைந்த ஏரியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே நானும் எல்லோரையும் போலத்தான்.

உன்னோடு மூன்று நாள் இருப்பது பாரமா? பைத்தியமே, நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.

உன்
பெருச்சாளி


டிசம்பர் 28, ஞாயிறு

என் செவிட்டுப் பெருச்சாளிக்கு,

திட்டலாமென்று இரண்டு தாளைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு தாளை வாலு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருப்பதில் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் தனியாக இதைச் சுமந்துகொண்டு திரிந்தீர்களே, அதற்கு நேரில் உண்டு உங்களுக்கு. காது போனது பற்றி எனக்குக் கோபமில்லை, வருத்தம் மலையளவு. நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது என்றால், நான் உங்கள் முகத்துக்கு நேரே வந்து பேசிவிட்டுப் போகிறேன். இதில் எனக்கு என்ன நஷ்டம்? இத்தனை வருஷமாக நீங்கள் பேப்பரைப் பார்த்துக்கொண்டே "உம், உம்" என்று சொன்னதற்கு இது எவ்வளவோ மேல்.

ஊர் முடிவாகிவிட்டது. காது டாக்டர் இருப்பது துறைமுகத்தில்தான். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேரம் வாங்கிவிட்டேன். வாலுவிடமும் உள்ளதைச் சொன்னேன். "அப்ப இனிமே அப்பாவைப் பாத்துத்தான் பேசணும், ஓடிக்கிட்டே பேசக் கூடாது, அவ்வளவுதானே?" என்றாள். அந்தத் தாளை எதற்கு எடுத்துப் போனாள் என்று இப்போது தெரிகிறது. பந்தயக் கதையை முழுக்க எழுதி, படம் போட்டு, இதோ என் கையில் திணிக்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன்.

நாடகத்துக்கு வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நீங்கள் வரவில்லை என்றால் நானும் போவதில்லை, அறையில் படுத்து இருவரும் தூங்கலாம். ஆனால் ஒன்று. அந்த நாடகத்தைப் போன வருஷம் எங்கள் அச்சகத்தில்தான் புத்தகமாகப் போட்டோம். முதலாளியிடம் கேட்டுப் பழைய புரூஃப் கட்டைத் தேடி எடுத்தேன். முதல் அங்கம் இந்த உறையில் இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில் இருப்பது என் திருத்தங்கள், வசனம் அல்ல. ஏரிக்கரை மாதிரி அமைதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள்.

எப்போதும் உங்கள்
புலவரம்மா


ஜனவரி 3, சனி

புலவரம்மாவுக்கு,

இரண்டாம் அங்கம் எங்கே? உடனே அனுப்பு. கொட்டகையில் ஒன்பது பேரும் வேலையைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கம்ப்ரசர்காரர் பெண் வீட்டார் கட்சி, சமையல்காரர் மாப்பிள்ளை வீட்டார் கட்சி. "ஏம்ப்பா, உன் சம்சாரத்துக்கு மீதியைச் சேத்து அனுப்பக் கைவலியா?" என்று என் காதுக்கிட்ட வந்து கத்துகிறார்கள். இவர்களிடம் காது விஷயத்தைச் சொன்ன பிறகு எல்லோரும் வலப் பக்கம் வந்துதான் கத்துகிறார்கள்.

டிக்கெட் இரண்டு.

உன்
பெருச்சாளி

பின்குறிப்பு: வாலுவின் படத்தில் முதலாவதாக வந்த பெண்ணுக்குக் கொம்பு முளைத்திருக்கிறது. விசாரிக்கவும்.


ஜனவரி 7, புதன்

பெருச்சாளியாருக்கு,

இரண்டாம் அங்கம் இத்துடன். கடைசி நாலு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். உங்கள் கூட்டாளிகள் என்னைச் சபித்தாலும் பரவாயில்லை. அந்த நாலு பக்கத்தை அரங்கத்தில், நடக்க நடக்க, நான் உங்கள் வலக் காதில் சொல்வேன்.

பதினாறாம் தேதி காலை ஒன்பது மணி பஸ். உல்லன் உள்சட்டை இரண்டு எடுத்து வரவும்.

புலவரம்மா


ஜனவரி 21, புதன்

என் பெருச்சாளியாருக்கு,

பத்திரமாக மலை ஏறியிருப்பீர்கள். மூன்று நாளில் உங்கள் காதில் விழாமல் போனதையெல்லாம் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். எழுதுகிறேன், பிறகு ஏன் கேட்டோம் என்று வருந்தக் கூடாது.

டாக்டர் சொன்னதில் உங்களுக்குப் புரிந்தது சரிதான். இடது காது திரும்பாது. வலது காதுக்கு மெஷின் மூன்று வாரத்தில் வந்துவிடும். நீங்கள் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் தனியாகச் சொன்னது: "இனி ஒரு நாள்கூட டிரில் மெஷின் பக்கம் போக வேண்டாம்னு சொல்லுங்கம்மா. இருக்கிற காதும் போயிடும்." அதை அன்றைக்கே சொல்லி உங்கள் நாடகத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. இப்போது சொல்கிறேன். நாளைக்கே இன்ஜினியரிடம் காட்டுங்கள், இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

ஓட்டலில் நாம் மூன்றாவது தடவையாக சூப் கேட்டபோது பரிமாறுகிறவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "புதுசா கல்யாணமானவங்க போல, சாப்பிடறதை விட சிரிக்கிறதுதான் ஜாஸ்தி" என்றார். நான் திருத்தவில்லை. தொழிலில் முதல் தடவையாக ஒரு பிழையை அப்படியே விட்டேன்.

நாடகம். பெண்ணின் அப்பா பெட்டியில் எழுந்து நின்று, எதிரே இருப்பவரைப் பார்த்து, "எந்தப் பாவி வீட்டுப் பொண்ணு இவன் வீட்டுக்கு மருமகளா வரப்போகுதோ" என்று சொல்கிற இடம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அரங்கத்திலேயே முதல் சிரிப்பு உங்களுடையது. நடிகர் அப்படியே நின்று, உங்களைப் பார்த்து, ஒரு கும்பிடு போட்டு, அதற்குப் பிறகுதான் வசனத்தைச் சொன்னார். சபை இரண்டு மடங்காகச் சிரித்தது. இதெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள். கேட்காதது, நம் பின்னால் இருந்த அம்மாள் தன் கணவரிடம் சொன்னது: "இவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுதே. பாவம் அந்தப் பொண்ணு, வீட்டுல எதையும் மறைக்க முடியாது." நான் ஏன் இருமிக்கொண்டே இருந்தேன் என்று கேட்டீர்களே, அதுதான்.

நீங்கள் சொன்னது சரி. நான் மேடையைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒன்று. திரும்பி வரும் பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன், உங்கள் இடப் பக்கம். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். நீங்கள் பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டே அழகாகத் தலையாட்டிக்கொண்டு வந்தீர்கள். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. சரி, கேட்காது என்று தெரிந்த பிறகு ஒரு தைரியம் வந்தது. முகத்துக்கு நேரே சொல்ல வராததைச் சொல்லிவிட்டேன். நீங்கள் முதன்முதலில் மலைக்குப் போனபோது, படுக்கை முழுக்க எனக்கே என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். எட்டாம் நாளிலிருந்து அந்தப் படுக்கையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இதைச் சொல்லிவிட்டு, "போதும், வீட்டுக்கு வந்துடுங்க. குடைஞ்ச வரைக்கும் போதும்" என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

எதிர் சீட்டில் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து, "அவர் சரின்னுட்டாரும்மா, நான் பாத்தேன்" என்றார். ஆகவே சாட்சி இருக்கிறது. இனி பின்வாங்க வழியில்லை. நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மேற்பார்வையாள் தேடுகிறார்கள் என்று உங்கள் தங்கை சொல்கிறாள், கிடைத்தாலும் சரி, வேறு ஏதாவது பார்த்தாலும் சரி. மாதக் கடைசிக்குள் பெட்டியோடு வந்து சேருங்கள். மீதியை வலப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொள்கிறேன்.

உங்கள்
புலவரம்மா